அசல் உச்சரிப்பு

"நம்ம ஆளுங்க சகவாசமே வேணாம். அவங்களோட சேர்ந்தா நாக்கு தேறாது" என்று அந்த வெளிநாட்டு மாநகரத்தில் விமானம் இறங்கும்போதே மனைவி கணவரிடம் சொல்லிவிட்டாள். வாசலைத் தாண்டினால் தமிழ் கிடையாது என்று சட்டமும் போட்டாள்.

எதிர்வீட்டுத் தம்பதி அமைந்தது யோகம். அவர் தலையில் தொப்பி, அம்மாள் கையில் நாய்க்குட்டி. அசல் உள்ளூர்க் களை. தினமும் லிஃப்டில் பேச்சுக் கொடுத்து, அவர்கள் இழுத்த இடத்தில் இழுத்து, விழுங்கிய இடத்தில் விழுங்கி, கணவர் அந்த ஊர் பாஷையைக் கரைத்துக் குடித்தார்.

வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் பொழிந்து தள்ளினார்.

மேனேஜர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்க தாய்மொழி கேக்க இனிமையா இருக்கு. இனிமே எங்க மொழியில பேசலாமே?" என்றார்.

வேலை கைநழுவிய ஆத்திரத்தில் கணவர் நேரே போய் எதிர்வீட்டுக் கதவை இடித்தார். சட்டமெல்லாம் மறந்துவிட்டது.

"யோவ், நீ பேசுறது என்ன பாஷைய்யா?" என்று தமிழிலேயே கத்தினார்.

கதவைத் திறந்த தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி, நீ தமிழா? கோட்டும் சூட்டுமா நீ திரிஞ்சதைப் பார்த்து உள்ளூர்க்காரன்னு நம்பி, உங்கிட்டதானேய்யா நாங்க பேசக் கத்துக்கிட்டோம்!"