நொடிக்கு நாலாயிரம்

நாளைக் காலை பலூனில் கட்டி மேலே அனுப்ப வேண்டிய கருவி, நான் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துப் பேய் பிடித்த மாதிரி கத்தத் தொடங்கியது.

பால்வீதியின் நடுவிலிருந்து வரும் காமா கதிர்களை எண்ணுவதற்காக ஆறு வருடம் மாடாய் உழைத்துச் செய்தது. தரையில் நொடிக்கு நாற்பது என்று சமர்த்தாக எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது நாலாயிரம்.

போச்சு. எங்கேயோ பழுது. நாளையை விட்டால் அடுத்த வருடம்தான் பலூன்.

டப்பா கொண்டுவந்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். நாலாயிரம் ஆறாயிரமானது.

"தொடாதீங்க! தள்ளி நில்லுங்க!"

தள்ளி நின்றார். இரண்டாயிரம்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. வாசல் வரை போகச் சொன்னேன், இறங்கியது. உள்ளே வரச் சொன்னேன், ஏறியது. மறுபடி போகச் சொன்னேன். முகம் சுளிக்காமல் நடந்தார், பாவம். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் மனுஷன் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதே இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது. இவரைக் கண்டதும் படபடப்பதை நானே எப்போதோ விட்டுவிட்டேன். இந்தப் பெட்டிக்கு என்ன கேடு?

அப்புறம்தான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். வானத்துக் கதிர்கள் பல வலுவில் கலந்துகட்டி வரும். இவை எல்லாம் நூற்று நாற்பது என்ற ஒரே வலுவில் குவிந்து நின்றன. அந்த எண் ஆஸ்பத்திரியில் உண்டு. இதயத்தைப் படம் பிடிக்க ஊசியில் ஏற்றுகிற மருந்து விடும் கதிர் அது. ஒரே நாளில் அடங்கிவிடும்.

அப்படியானால் ஏற்றியது இன்றைக்குத்தான்.

பேங்க்குக்கு என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினார். நேற்றிலிருந்து என் காபியைத் தொடவில்லை. அவ்வளவு கேவலமாகவா போடுகிறேன் என்று சண்டை வேறு பிடித்தேன். அந்தச் சோதனைக்கு முன்னால் காபி குடிக்கக் கூடாது.

இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை வேறு.



"மெஷின் ரிப்பேரா?" என்றார், நிஜமான கவலையோடு.

"இல்லீங்க, ரொம்ப நல்லா வேலை செய்யுது. ரிசல்ட் எப்ப குடுப்பாங்க?"

அவர் கை தன்னால் சட்டைக் கையை இழுத்துவிட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு. உனக்குத்தான் பலூன் இருக்கேன்னு..."

"பலூன் அது பாட்டுக்குப் போகும். நான் உங்ககூட வரேன்."

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். பெட்டி வாய் ஓயாமல் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.