லாசரின் ஓவர்டைம்

காப்பி எஸ்டேட்டிலிருந்து வந்த லாசர், குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் வண்டியை எடுத்தான்.

"ஏனுங்க, இன்னைக்கும் ஓவர்டைமுங்களா?" என்றாள் மனைவி செல்வமேரி.

"ஆமா."

ஓவர்டைமே கிடையாது என்று எஸ்டேட் ரைட்டர் அவளிடம் சொல்லியிருந்தார். தலைச்சோலையில் ஒரு வீட்டு வாசலில் அவன் வண்டி நிற்பதாகவும் கேள்விப்பட்டிருந்தாள். பஸ் ஏறினாள்.

அந்த வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். லாசரின் பக்கத்தில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். செல்வமேரி கதவைத் தள்ளினாள்.

அந்தப் பெண் திரும்பினாள். "அம்மா!"

காலேஜுக்குப் போவேன் என்றதற்காக ஆறு வருஷத்துக்கு முன் லாசர் வீட்டைவிட்டுத் துரத்திய மகள். இப்போது டீச்சர்.

லாசர் கணக்கு நோட்டை மூடினான். "மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன், மேரி. 'மன்னிக்கோணும்னா நீங்க பத்தாவது பாஸ் பண்ணோணும்'னுட்டா."