மூன்றாவது பிரதி

தரையிலேயே இருக்கிற பெட்டி எப்படிக் கீழே விழும் என்று நான் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டி மேஜைக்கு அடியில், ஒரு பக்கத் தகடு இல்லாமல் நின்றிருந்தது. மேஜைமேல் ஒரு பேனாகூடக் கலையவில்லை. பெட்டிக்குள் மற்றதெல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்க, ஹார்ட் டிஸ்க் மட்டும் நசுங்கிப் போயிருந்தது.

“கீழே விழுந்துடுச்சு தம்பி,” என்றார் என் வாடிக்கையாளரான டீச்சரம்மாவின் கணவர். “அவ ஊருக்குப் போயிருக்கா. வர்றதுக்குள்ள சரிபண்ணி வெச்சிடணும். பெட்டியில உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு.”

இந்தத் தொழிலில் பதினான்கு வருஷம் ஆகிறது. மனைவியின் கம்ப்யூட்டருக்காக இவ்வளவு கவலைப்படும் கணவரை நான் பார்த்ததில்லை. அவளுடைய ஃபைல்கள் வேறு எங்காவது மிச்சம் இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வாயைத் தைத்துவிட்டாலும் காது வழியாகப் பேசுவேன் என்பாள் என் மனைவி. அதிலும் பேக்கப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஒரு பிரதி கம்ப்யூட்டரில். இன்னொன்று தனி டிஸ்க்கில். மூன்றாவது கட்டாயம் வேறொரு வீட்டில். தீயோ திருடனோ, வந்தால் ஒரு வீட்டுக்குத்தான் வரும். இதை எல்லாரிடமும் தொண்டை கிழியச் சொல்வேன். எல்லாரும் மண்டையை ஆட்டிவிட்டு, ஒரு பென் டிரைவை வாங்கி அதையும் தொலைத்துவிட்டு, அப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள்.

சொன்னதைச் சொன்னபடி செய்தவர் இந்தம்மா ஒருவர்தான்.

மூன்றாவதை நெட்டில் வைக்கலாமே என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அதற்கு வரும் மெசேஜெல்லாம் கணவர் போனுக்குப் போகும், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். இந்தக் கம்ப்யூட்டரில் யாராவது அழித்தால் மற்ற இடங்களிலும் அழிந்துவிடுமா என்று மூன்று தரம் கேட்டார். அழியாதபடி அமைத்துக் கொடுத்தேன். டீச்சர் அல்லவா, எதையும் துருவித் துருவித்தான் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“கவலையே படாதீங்க சார். மேடம் எல்லாத்தையும் மூணு இடத்துல வெச்சிருக்காங்க.”

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். நிம்மதி வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது எங்கே என்று கேட்டார். தையல் மெஷின் டிராயரில், வெட்டுத் துணிக்கு அடியில் என்றேன். அவரே போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

மூன்றாவது எங்கே என்று கேட்டார்.

மாட்டிவிட்டு வந்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா? மேடத்தோடு வேலை பார்க்கும் டீச்சர் வீடு, பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடி என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். போனைத் திறந்து, அந்த டிஸ்க் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியை அவரிடம் நீட்டினேன்.

“பாருங்க சார், மேடம் லேப்டாப்ல இருந்து இன்னைக்குக் காலையில ஒன்பதே காலுக்குக்கூட ஏறியிருக்கு. அந்த வீட்டு வைஃபையிலதான்.”

ஊருக்குப் போனவரின் லேப்டாப் அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை. அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விலாசத்தை எழுதித் தரச் சொன்னார். தந்தேன்.

நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள், நான் போய் அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

நான் சாவகாசமாகத் திருகாணிகளைப் பொறுக்கி வைத்தேன். நசுங்கிய டிஸ்க்கைக் கழற்றினேன். அதன் பிறகுதான் டிராயரில் இருந்த டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகினேன். திறந்து பார்க்காமல் ஒரு பேக்கப்பை நல்ல பேக்கப் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிடுவேன்.

‘வினாத்தாள்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே நானூற்றுச் சொச்சம் படங்கள். ஒன்றைத் திறந்தேன்.

ஒரு கழுத்து. இரண்டு பக்கமும் விரல் விரலாக நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கை, தேதி எழுதிய காகிதத்தைப் பிடித்திருந்தது.

அடுத்தது முதுகு. அதற்கடுத்த படத்தில் முகம் தெரிந்தது. அந்தம்மாதான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவசரத்தில் இரண்டு தரம் வேறு யாருக்கோ போன் போட்டு, பிறகுதான் அந்தம்மாவைப் பிடித்தேன்.

பெட்டி உடைந்ததைச் சொன்னேன். அவர் கணவர் என்னைக் கூப்பிட்டதைச் சொன்னேன். விலாசம் கொடுத்ததையும் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அந்தம்மா திட்டவில்லை. ஏன் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“அவர் கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?” என்று மட்டும் கேட்டார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அங்கே போக வண்டியில் கால் மணி நேரம் ஆகும். சந்து வழியாகப் போனால் பத்தே நிமிஷம். விலாசத்துக்குக் கீழே அந்தச் சந்து வழியையும் படம் போட்டுக் கொடுத்திருந்தேன்.