எடுபிடி

கணினித் திரையில் பாட்டின் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் விரிந்திருந்தது. அதன் கடைசிப் பட்டைக்கு "எடுபிடி" என்று பெயர். அது அஞ்சுகத்தின் குரல். பெரிய பாடகி ஷ்ரவந்தி வருமுன் வழிகாட்டப் பாடிவைத்தது. பிறகு அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. ஷ்ரவந்தியின் சுருதி சறுக்கிய இடங்களுக்கெல்லாம் அதைத்தான் அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பெயர் வைத்தவளும் ஷ்ரவந்திதான். "உன் குரலுக்கு இதுவே ஜாஸ்திடி" என்று சிரித்தாள்.

அன்று பல்லைக் கடித்துக்கொண்ட அஞ்சுகம், இன்று மிக்ஸிங் நாற்காலியில் இருந்தாள். பின்னால் சோபாவில் தயாரிப்பாளரும் ஷ்ரவந்தியும்.

"போடும்மா, கேப்போம்" என்றார் தயாரிப்பாளர்.

பல்லவி தொடங்கியது. அஞ்சுகம் கடைசிப் பட்டையின் ஒலியளவுக் குமிழை மவுஸால் பிடித்து, அவசரமே இல்லாமல் கீழே இழுத்தாள். உச்சிக்கு ஏறப்போன ஷ்ரவந்தியின் குரல் பாதியில் வழுக்கிக் கீறலாய் விழுந்தது. தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏய், என் குரல்ல எதைடி சேர்த்தே?" ஷ்ரவந்தி துள்ளி எழுந்தாள்.

"எதையும் சேர்க்கலக்கா" என்றாள் அஞ்சுகம், திரும்பாமலே. "இப்பத்தான் நீங்க மட்டும் பாடுறீங்க."

பாட்டு இன்னும் பாதிகூட முடியவில்லை.