பூசணிக்காயின் ஏழாவது லெவல்

உலகத்தில் உள்ள வீடியோ கேம் அத்தனைக்கும் இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தது ஒரு மரங்கொத்தி. மூக்குத் தேயத் தேய அது தட்டி ஏற்றியதையெல்லாம் பக்கத்து மரத்துக் கிளி மறுநாளே தன் தளத்தில் அப்படியே போட்டுக்கொண்டது. கேட்டால், "எல்லாம் நானே ஆடிப் பார்த்து எழுதினதுக்கா" என்றது, வாய் கூசாமல்.

"இரு, உன் குட்டை உடைக்கிறேன்" என்று மரங்கொத்தி இல்லாத கேம் ஒன்றை இட்டுக்கட்டிப் பட்டியலில் சேர்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும். மொத்தம் ஏழு லெவல்.

மறுநாள் கிளியின் தளத்திலும் பூசணிக்காய் வந்துவிட்டது. ஆனால் அதன் கீழே வேலியோரத்து ஓணான் நாலு நட்சத்திரம் போட்டு, "சின்ன வயசிலேயே ஆடினது. ஏழாவது லெவல்தான் உயிரை எடுக்கும்" என்று எழுதியிருந்தது. தவளையோ, "முதல் பாகம் அளவுக்கு இல்லை" என்று சலித்துக்கொண்டிருந்தது.

மரங்கொத்தி விறுவிறுவென்று வேலிக்குப் பறந்தது. "அடேய் ஓணான்! அப்படி ஒரு கேமே கிடையாதுடா! கிளியைப் பிடிக்க நான் விட்ட கதை அது!"

ஓணான் தலையை ஆட்டி ஆட்டிப் பரிதாபப்பட்டது. "புரியுதுக்கா. தோத்துட்டா எல்லாருக்கும் இப்படித்தான் கோபம் வரும். ஆறாவது லெவல்லயே விட்டுட்டீங்களா?"

மரங்கொத்தியின் கொண்டை சிலிர்த்துக்கொண்டது.

"யாரு, நானா? ஏழாவதையே ரெண்டு தடவை முடிச்சவடா நான்!"