நீலத் துணிக்காரர்கள்

ஆபா நகர மைதானத்தில் சாயங்கால வெயிலைப் புழுதி பழுப்பாக்கி வைத்திருக்கிறது. கோட்டோரம் முழங்காலில் கை ஊன்றி இகெம்பா மூச்சு வாங்குகிறான். மலேசியாவிலும் துருக்கியிலும் ஓடித் தேய்ந்த கால்கள். இது கால்பந்து கிளப்பின் தேர்வு ஆட்டம். கிளப்பில் சொல்லியிருக்கும் வயது முப்பத்திரண்டு. பயிற்சியாளர் எஃபியோங் தலையசைத்துவிட்டால் இன்னும் ஒரு சீசன் சம்பளம் நிச்சயம். அவரும் ஏறக்குறைய அசைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் மேளம் கேட்கிறது. ஒரே நீலத் துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே வருகிறது. தொந்தியும் வழுக்கையும் நரையுமாக. அவன் ஊரில் ஒரே வருடம் பிறந்த ஆண்களெல்லாம் ஒரு குழு. நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்துதான்.

"டேய் இகெம்பா! உனக்கும் சட்டை தைச்சாச்சுடா! நம்ம செட்டுக்கே இந்த வருஷம் நாற்பது!" என்று கத்துகிறான் லாரி உதிரிபாகம் விற்கும் உசோண்டு.

எஃபியோங் விசிலை வாயிலிருந்து எடுக்கிறார். "யாருப்பா இவங்க?"

"எங்க அப்பாவோட சிநேகிதங்க, கோச்."

"அப்பாவோட சிநேகிதங்க உன்னைக் கட்டிப்பிடிச்சுக் காதைத் திருகுவாங்களா?"

உசோண்டு அதற்குள் வியர்வை உடம்பின் மேலேயே நீலச் சட்டையை மாட்டிவிடுகிறான். வயிற்றுப் பக்கம் தொளதொளக்கிறது. "வெளிநாட்டுல சோறே போடலியாடா?" என்று கூட்டம் சிரிக்கிறது. இகெம்பா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான்.

"என் வயசுக்காரங்கதான், கோச்," என்கிறான். பதிலுக்குக் காத்திராமல், அவர்கள் நடுவே புழுதியில் உட்கார்ந்துவிடுகிறான்.