வெளிறு

இறகெல்லாம் வெளுத்துப் பிறந்த காக்கையைக் கூட்டமே "வெளிறு" என்றுதான் கூப்பிட்டது. அர்த்தம் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டமரத்தில் உட்கார்ந்து அது புலம்பியதைக் கேட்டு, பட்டைக்குள்ளிருந்து ஒரு கறையான் பேசியது.

"அது எங்க சொல்லாச்சே! மரத்துல வைரம் பாயாத பாகத்தைத்தான் வெளிறுன்னு சொல்வோம்."

"அத வெச்சு என்ன செய்வீங்க?"

"தின்போம்."

காக்கை சிரித்தது. "நான் மரமில்லையே, அண்ணே!"

"எங்களுக்குக் கண்ணு கிடையாது, தம்பி. பேரைக் கேட்டுத்தான் வருவோம்."

தூரத்தில் இரை கண்ட கூட்டம் பாசமாய்க் கத்தியது: "வெளிறு! வெளிறு! சாப்பிட வா!"

பட்டைக்குள் மழை பெய்கிற மாதிரி சத்தம் எழுந்தது. காக்கை சிறகை விரித்தது. கால் வரவில்லை. புற்றுமண் முழங்கால்வரை ஏறியிருந்தது.